ரெஸ்டேஜிங் எம்.ஆர்.ஐ.: மலக்குடல் கட்டி கரைந்ததா என்று சொல்ல இந்த ஸ்கேனை எவ்வளவு நம்பலாம்?

மலக்குடல் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோவும் கொடுத்து முடித்த பிறகு எடுக்கும் இடுப்பு எம்.ஆர்.ஐ.க்கு ஒட்டுமொத்தமாக ஒரே மதிப்பெண் போட முடியாது. ஆபரேஷனில் வெட்டும் ஓரம் புற்றில்லாமல் வருமா என்ற கேள்விக்கு 5க்கு 4½. கட்டி சிகிச்சைக்கு அசையவே இல்லை என்பதைக் காட்டிக்கொடுப்பதில் 4. நிணநீர்க் கணுக்களுக்கு 3. 'முழுதாகக் கரைந்துவிட்டது, ஆபரேஷனே வேண்டாம்' என்று தனியாக நின்று சாட்சி சொல்வதற்கு 2½, அதுவும் திசுவில் நீர் எவ்வளவு அசைகிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படம் கெடாமல் வந்திருந்தால். காசு கொடுக்கிற குடும்பம், சீட்டு எழுதுகிற டாக்டர், மெஷினில் படுக்க வைக்கிற டெக்னீஷியன் மூவருமே எந்தக் கேள்விக்காக இந்தப் படம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கோளாறு பெரும்பாலும் சீட்டிலேயே தொடங்குகிறது. வெறுமனே 'எம்.ஆர்.ஐ. பெல்விஸ்' என்று எழுதிக் கொடுத்தால், கர்ப்பப்பைக்கும் இடுப்பு மூட்டுக்கும் பொதுவாக எடுக்கிற படம்தான் கிடைக்கும்: 5 மி.மீ. தடிமன், இடுப்பு முழுவதும் அடங்கும் அகலம், உடம்புக்கு நேர் குறுக்கான வெட்டு, கொழுப்பை அடக்கிய வரிசை ஒன்று, கடைசியில் கான்ட்ராஸ்ட் ஊசி. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், மலக்குடல் பற்றிய கேள்விக்கு உதவாது. சீட்டில் 'ரெக்டம் புரோட்டோகால், சிகிச்சைக்குப் பிந்தைய மறுமதிப்பீடு' என்று இருக்க வேண்டும். கூடவே 5 தவணைக் குறுகிய கதிர்வீச்சா 25 முதல் 28 தவணை நீண்டதா, கீமோ எத்தனை சுற்று, கடைசிக் கதிர்வீச்சு எந்தத் தேதி, கட்டி ஆசனவாய் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ., கடிகார முள் கணக்கில் எந்தப் பக்கம், பயாப்சியில் மியூசினஸ் (சளி போன்ற மியூசினைச் சுரக்கும்) வகையா என்பதும் வேண்டும். இந்தக் கடைசி விவரம்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. படிப்பவரை அதிகம் தடுமாற வைப்பதும் அதுதான்.

சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. பதிவான சி.டி. வட்டு இல்லாமல் போகாதீர்கள். பிலிம் போதாது. கரைந்த கட்டி எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று தெரியாமல் 2 மி.மீ. வடுவைத் தேட முடியாது. பழைய ரிப்போர்ட்டில் 'கீழ் மலக்குடலில் சுவர் தடிப்பு' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், புதிய படத்தைப் படிப்பவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பிடாமல் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிய ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லலாம். கேட்பதில் தவறே இல்லை.

எப்போது எடுப்பது? நீண்ட கதிர்வீச்சு என்றால் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சின் அளவு), உடன் கேபசிடபைன் என்ற கீமோ மாத்திரை. அது முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து முதல் படம் என்பது வழக்கம். நன்றாகக் கரைந்துகொண்டிருக்கும் கட்டிக்கு 12 வாரம் வரை பொறுத்து இன்னொரு முறை பார்ப்பதும் உண்டு. மூன்றாம், நான்காம் வாரத்திலேயே அவசரப்பட்டு எடுத்தால் சுவர் வீங்கியிருக்கும், அழற்சி அடங்கியிருக்காது, சாக வேண்டிய செல்களும் இன்னும் முழுதாகச் செத்திருக்காது. 'பாதிதான் கரைந்திருக்கிறது' என்ற தவறான பதில் வரும். கதிர்வீச்சும் முழுக் கீமோவும் ஆபரேஷனுக்கு முன்பே கொடுக்கும் டி.என்.டி. முறையில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே முடிவில் எடுக்கும் படத்தோடு நடுவிலும் ஒரு படம் எடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம் உண்டு. ராப்பிடோ ஆய்வில் இந்த முறை, வெட்டியெடுத்த திசுவில் புற்றே இல்லாதவர்கள் விகிதத்தை 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக்கியது. ஆனால் 5 ஆண்டு முடிவில் இடுப்புக்குள் திரும்பி வந்தது அந்தப் பிரிவில்தான் கூடுதல்: 10 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 6. கரையாத கட்டியோடு மாதக்கணக்கில் கீமோ ஓடிக்கொண்டிருப்பதை நடுவில் எடுக்கும் படம் காட்டிக்கொடுக்கலாம்.

தயாரிப்பு சின்ன வேலைதான். ஆனால் டிஃப்யூஷன் படத்தின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. குடலில் தங்கிய வாயு அந்தப் படத்தை இழுத்து நெளித்துவிடும். வடுவுக்குப் பக்கத்தில் வாயுக் குமிழ் நின்றால், அதன் ஓரம் கட்டியைப் போலவே வெள்ளையாக ஒளிரும். ஸ்கேனுக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு ஒரு சின்ன எனிமா கொடுத்து டாய்லெட் போகச் சொன்னால் இது வெகுவாகக் குறையும். முந்தின நாள் பேதி மருந்து, லிட்டர் கணக்கில் எனிமா எல்லாம் வேண்டாம், குழாயில் தண்ணீர் தேங்கி வேறு தொல்லை தரும். ஜெல் நிரப்புவதை ஐரோப்பிய ரேடியாலஜிஸ்டுகளின் எஸ்கார் அமைப்பு வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. ஜெல் சுவரை விரித்துச் சுற்றியுள்ள கொழுப்பை அமுக்கும், அப்போது கட்டிக்கும் மீசோரெக்டல் ஃபேசியாவுக்கும் (மலக்குடலையும் சுற்றியுள்ள கொழுப்பையும் போர்த்திய மெல்லிய உறை) உள்ள இடைவெளி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். குடல் அசைவை அடக்க பஸ்கோபான் 20 மி.கி. ஊசி போடுவதுண்டு. குளுக்கோமா, வேகமான இதயத்துடிப்பு, புராஸ்டேட்டால் சிறுநீர் அடைப்பு, மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கொலனோஸ்கோப்பியும் அதே நாளில் என்றால் எம்.ஆர்.ஐ. முதலில். உள்ளே ஊதிய காற்று மறையச் சில மணி நேரம் ஆகும்.

இனி மெஷினுக்குள். நெடுக்குவெட்டு டி2 படம்தான் (எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம், கட்டியின் நிலையைச் சொல்லும் டி2 வேறு) முதலில். அதில் கட்டி இருந்த பகுதியைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டுக்குச் செங்குத்தாகக் குறுக்குவெட்டுகளை வைக்க வேண்டும். தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சட்டகம் 16 முதல் 20 செ.மீ., புள்ளியின் அளவு சுமார் 0.6 மி.மீ. கொழுப்பு அடக்கத் தேவையில்லை. கறுத்த தசைச் சுவருக்குப் பின்னணியாக வெள்ளைக் கொழுப்பு இருந்தால்தான் எல்லை தெரியும். வாழைத்தண்டைச் சாய்த்து வெட்டினால் வட்டம் நீண்டு ஓரம் தடித்துத் தெரிவதைப் போலத்தான் இங்கும். கோணம் தப்பினால் சுவர் தடிக்கும், தசைக்கும் கொழுப்புக்கும் இடையிலான கோடு மங்கும், சுவருக்குள் அடங்கியிருக்கும் டி2 நிலைக் கட்டி வெளியே பரவிய டி3 ஆகிவிடும். மலக்குடல் வளைந்து போகிற குழாய், அதனால் நீளமான கட்டிக்கு இரண்டு கோணத்தில் இரண்டு தொகுதி எடுக்க வேண்டியிருக்கும். ஆசனவாய்க்குப் பக்கத்துக் கட்டி என்றால், ஆசனக் கால்வாய்க்கு இணையான முன்பக்கவெட்டு கட்டாயம். சுருக்குத் தசைகளுக்கு நடுவே உள்ள தளம் தப்பியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

மறுமதிப்பீட்டில் மட்டும் வருகிற ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிகிச்சை நன்றாக வேலை செய்திருந்தால் நெடுக்குவெட்டில் கட்டியே தெரியாது. டெக்னீஷியன் கண்ணில் பட்ட வளைவுக்குக் கோணம் வைத்துவிடுவார், வடு சாய்ந்து விழும். நல்ல சென்டரில் பழைய சி.டி.யைத் திறந்து, முந்தைய நெடுக்குவெட்டில் கோணக் கோடு எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்து அதையே திரும்ப வைப்பார்கள். இதைச் செய்கிறார்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். காந்தத்தின் வலிமை 3 டெஸ்லாவா 1.5 டெஸ்லாவா என்ற விசாரணையைவிட இது உருப்படியானது. 3 டெஸ்லாவில் வாயுவின் தொல்லை இன்னும் கூடத்தான் செய்யும், இடுப்பு மூட்டில் உலோகம் வைத்தவர்களுக்கு 1.5 பரவாயில்லை. கான்ட்ராஸ்ட் ஊசியும் வழக்கமாகத் தேவையில்லை. பேக்கேஜில் சேர்த்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

டிஃப்யூஷன் படத்துக்கு பி மதிப்பு (நீரின் அசைவை எவ்வளவு நுட்பமாகப் பிடிக்கிறது என்ற அளவு) குறைந்தது 800 இருக்க வேண்டும், கூடவே அந்த அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் ஏ.டி.சி. வரைபடமும். இரண்டும் டி2 குறுக்குவெட்டு வைத்த அதே கோணத்தில் இருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பி 500 வரை மட்டும் எடுத்து 'டிஃப்யூஷன் செய்தாகிவிட்டது' என்று கொடுத்தால், சாதாரணச் சுவரே ஒளிர்ந்துகொண்டிருக்கும். மொத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை இது.

படத்தைப் படிப்பதில் டி2வின் அரிச்சுவடி மூன்று நிறம். சாம்பல் என்றால் கட்டி, கறுப்பு என்றால் நார்த்திசு, பளிச் வெள்ளை என்றால் மியூசின் அல்லது நீர்வீக்கம். கட்டி இருந்த இடத்தில் 1–2 மி.மீ. தடிமனில் ஒரே கறுப்புக் கோடு, அதன் உட்புறம் சீரான மெல்லிய சளிச்சவ்வு என்றால் நல்ல சகுனம். தடித்த கறுப்புத் திட்டுக்குள் சாம்பல் தீவுகள் தெரிந்தால் மிச்சம் இருக்கிறது. கஷ்டம் இரண்டுக்கும் நடுவில். தடித்த கறுப்புத் திட்டு, தீவு எதுவும் இல்லை, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சத்தியமும் பண்ண முடியாது. நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற செல் கூட்டம் எந்த எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. அதனால்தான் டி2வை மட்டும் நம்பினால் நார்த்திசுவைக் கட்டி என்று எழுதும் பிழையும் வரும், கட்டியைத் தவறவிடும் பிழையும் வரும். 2013-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், மிச்சக் கட்டியைக் கண்டுபிடிக்கும் திறன் எம்.ஆர்.ஐ.க்குப் பொதுவாக 50 சதவீதமளவில்தான் இருந்தது, டிஃப்யூஷன் சேர்ந்த ஆய்வுகளில் 84 சதவீதத்தை ஒட்டி வந்தது. டிஃப்யூஷன் இல்லாத ரெஸ்டேஜிங் ஸ்கேனை வாங்கவே வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒன்று போதும்.

ஆனால் டிஃப்யூஷன் படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கட்டியில்லை. பி 800-இல் வெள்ளை, ஏ.டி.சி.யில் அதே இடம் கறுப்பு, அந்த இடம் பழைய கட்டியின் படுகையில், வடுவின் உட்புற ஓரத்தில். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மிச்சக் கட்டி. குழாயின் நடுவில் நட்சத்திர வடிவில் வெள்ளை தெரிந்தால் சுருங்கிய குடலுக்குள் தேங்கிய திரவம், அதற்கு ஏ.டி.சி.யிலும் வெள்ளைதான் வரும். ஏ.டி.சி.யில் மட்டும் கறுப்பு, பி 800-இல் ஒளியே இல்லை என்றால் வெறும் நார்த்திசு. சுவர் முழுக்கச் சீராக உப்பி டி2வில் வெளுத்திருந்தால் கதிர்வீச்சு வீக்கம். மியூசினஸ் கட்டியில் இந்தப் படமே கைவிட்டுவிடும். செல்லில்லாத மியூசின் குளமும், செல்கள் மிதக்கும் மியூசின் குளமும் ஒரே மாதிரி தெரியும். பயாப்சி வகையைச் சீட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

வெட்டும் ஓரத்துக்கு ஏன் 4½ என்றால், அதற்குப் பின்னால் பெரிய ஆய்வு இருக்கிறது. மெர்க்குரி ஆய்வுக் குழு 2006-இல் 408 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. ஓரம் புற்றின்றி வெளியே வந்த 354 பேரில் 327 பேருக்கு எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே 'ஓரம் தப்பும்' என்று சொல்லியிருந்தது. அதாவது 92 சதவீதம். மீசோரெக்டல் ஃபேசியாவிலிருந்து 1 மி.மீ.க்குள் கட்டி வந்துவிட்டால் ஓரம் ஆபத்தில் என்பது கணக்கு. சிகிச்சைக்குப் பின் கட்டிக்கும் ஃபேசியாவுக்கும் நடுவே வெள்ளைக் கொழுப்பு திரும்பத் தெரிந்தால் நிம்மதி. அரை மதிப்பெண் பிடித்துக்கொண்டது கறுப்பு நார்க் கீற்றுகளுக்காக. அவை ஃபேசியாவைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே உயிருள்ள செல் இருக்கிறதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சர்ஜன்கள் அங்கே சற்று விலகியே வெட்டுவார்கள்.

கரைந்த அளவுக்கு ஐந்து படி உண்டு, லண்டனின் ஜினா பிரவுன் குழுவினர் வழியாகப் பரவிய எம்.ஆர். டி.ஆர்.ஜி. அளவுகோல். 1 என்றால் மெல்லிய வடு மட்டும். 2 அடர்த்தியான நார், கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. 3 பாதிக்கு மேல் நார், நடுவே சாம்பல் தெரிகிறது. 4 பெரும்பாலும் கட்டியே. 5 அப்படியே இருக்கிறது அல்லது வளர்ந்திருக்கிறது. 2011-இல் வந்த மெர்க்குரி முடிவில் நல்ல படியில் இருந்தவர்கள் 5 ஆண்டு உயிரோடிருந்தது 72 சதவீதம், 4, 5-இல் இருந்தவர்கள் 27 சதவீதம். மோசமான பதிலைக் காட்டுவதில் 4 மதிப்பெண் கொடுத்தது இதற்காக. நடுப்படிகள்தான் தகராறு. ஒரே படத்தை ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார். பத்தாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் போடும் படியோடும் இது அப்படியே பொருந்தாது. ரிப்போர்ட்டில் எண் மட்டும் இருந்து, எத்தனை மி.மீ. வடு, சாம்பல் எந்த மணி நிலையில் என்ற வருணனை இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கணுக்கள் விஷயம் சுருக்கம். சிகிச்சைக்குப் பின் குறுக்களவு 5 மி.மீ.க்குக் குறைந்தால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். டிஃப்யூஷனில் நல்ல கணுவும் ஒளிரும் என்பதால் அங்கே அதனால் பிரயோசனம் குறைவு. கவனிக்க வேண்டியது இடுப்புச் சுவரோரம் இருக்கும் பக்கவாட்டுக் கணுக்களை. மலக்குடலை எடுக்கும் வழக்கமான ஆபரேஷனில் அவை வெளியே வராது. முதல் படத்தில் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தது, சிகிச்சைக்குப் பின்னும் உள் இலியாக் பகுதியில் 4 மி.மீ.க்கு மேல், ஆப்டுரேட்டர் பகுதியில் 6 மி.மீ.க்கு மேல் நின்றால், அதைத் தனியாக எடுப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். 'சப்-சென்டிமெட்ரிக் கணுக்கள் சில' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை. 9 மி.மீ.யும் ஒரு சென்டிமீட்டருக்குள்தானே.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி: ஆபரேஷன் இல்லாமல் தப்பலாமா? சாவோ பாலோவின் ஆஞ்சலிடா ஹாப்ர்-காமா 2004-இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகுதான் காத்திருந்து கண்காணிக்கும் முறை உலகம் முழுக்கப் பேச்சானது. ஓப்ரா ஆய்வில், கதிர்வீச்சுக்குப் பிறகு கீமோ என்ற வரிசையில் போனவர்களில் 3 ஆண்டு முடிவில் 53 சதவீதம் பேர் மலக்குடலை இழக்கவில்லை, கீமோ முதலில் என்ற வரிசையில் 41 சதவீதம். ஆளைத் தேர்ந்தெடுக்க எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது என்பதற்கு மாஸ்ட்ரிக்ட்டின் 2015 ஆய்வைப் பார்க்கலாம். 50 பேர்தான், ஆனாலும் தெளிவான பாடம். விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, டிஃப்யூஷன் சேர்ந்த எம்.ஆர்.ஐ. மூன்றுமே 'இல்லை' என்றபோது உண்மையிலேயே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம். மூன்றும் 'இருக்கிறது' என்றபோதும் 15 சதவீதம் பேருக்கு இல்லை. இரண்டாவது எண் நிறையப் பேர் கவனிக்காதது. எண்டோஸ்கோப்பியில் வெண்மையான தட்டை வடுவும் சின்ன ரத்தக்குழாய்களும் தெரிந்து, எம்.ஆர்.ஐ. மட்டும் முரண்டு பிடித்தால் 6 முதல் 8 வாரம் பொறுத்து இரண்டையும் திரும்பச் செய்வது சரியான வழி. பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்ததை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மிச்ச செல்கள் சளிச்சவ்வுக்குக் கீழே, தசையில் பதுங்குவது வழக்கம்.

கண்காணிப்பில் இறங்கியவர்களுக்கு, சிகிச்சைக்குப் பின் எடுத்த நல்ல படமே அடிப்படை. 2018-இல் வந்த சர்வதேசப் பதிவேட்டில் 880 பேர். 2 ஆண்டில் 25.2 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் திரும்பி முளைத்தது, அப்படி முளைத்தவற்றில் 88 சதவீதம் முதல் 2 ஆண்டுக்குள், 97 சதவீதம் குடல் சுவரிலேயே. அதனால் எண்டோஸ்கோப்பியை விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ.யை மட்டும் தொடர்வது தலைகீழ் வேலை. 3–4 மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, 6 மாதத்துக்கு ஒருமுறையாவது எம்.ஆர்.ஐ. என்று முதல் 2 ஆண்டு போக வேண்டும். சுவருக்கு வெளியே கணுவில் வருவதை எண்டோஸ்கோப்பி பார்க்காது, எம்.ஆர்.ஐ.யின் பங்கு அங்கே. வடுவில் திடீரென்று ஒரு சாம்பல் புள்ளியும் டிஃப்யூஷனில் வெள்ளையும் முளைத்தால் அதுதான் மணி. நுரையீரலையும் கல்லீரலையும் இந்த ஸ்கேன் தொடுவதில்லை, அதற்குத் தனி சி.டி. ஸ்கேன். பெட் ஸ்கேன் இதற்கு மாற்றும் அல்ல, கதிர்வீச்சின் அழற்சியும் அதில் ஒளிரும்.

இம்யூனோதெரபி மட்டும் வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன அளவுகோல்களை அப்படியே பொருத்தாதீர்கள். 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையம் டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்து வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு, எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழை திருத்தும் அமைப்பு) குறைபாடுள்ள கட்டிக்கு இந்த வழி திறந்திருக்கிறது. இந்த வகையில் மியூசின் அதிகம். எண்டோஸ்கோப்பியில் சுத்தமாக இருக்கும்போது எம்.ஆர்.ஐ.யில் தடிப்பு இன்னும் நின்றுகொண்டிருக்கலாம், அதைப் பார்த்து அவசரப்பட்டுக் கத்தி எடுக்கக் கூடாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பில்லுக்குக் கையெழுத்துப் போடுமுன் இவை இருக்கிறதா என்று பாருங்கள்: எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டார்கள், ஆசனவாயிலிருந்து வடு எத்தனை செ.மீ., நார் எவ்வளவு கட்டி எவ்வளவு, டிஃப்யூஷனில் கட்டுப்பாடு (பி 800-இல் வெள்ளை, ஏ.டி.சி.யில் கறுப்பு) உண்டா இல்லையா, வாயுவால் படம் கெட்டதா, ஃபேசியாவுக்கு எத்தனை மி.மீ. எந்த மணி நிலையில், சுருக்குத் தசை, ரத்தநாளத்துக்குள் பரவல், பக்கவாட்டுக் கணுக்களின் அளவு. ஒன்று விட்டுப்போயிருந்தால் அன்றே கூடுதல் குறிப்பு எழுதி வாங்கிவிடலாம், படம் அவர்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. சி.டி. வட்டில் டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவத்தில் எல்லா வரிசைகளும் ஏறியிருக்கிறதா, ஏ.டி.சி. வரைபடம் உட்பட, என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.